நிலவில் ஒரே ஒரு சம்பந்தி

நிலவின் தென்முனையில் இருக்கும் வைகறை நிலையத்தில் மனிதர்கள் நிறையப் பேர் உண்டு. சம்பந்தி மட்டும் ஒருவர்தான்.

உண்மையில் அது ஓர் இயந்திர உடல். ஆள் உயரம், சாம்பல் நிறம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை. பூமியில் இருக்கும் அப்பாவோ அம்மாவோ மாமியாரோ தலையில் ஒரு கவசத்தையும் கைகளில் உறைகளையும் மாட்டிக்கொண்டு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், இந்த உடலுக்குள் வந்துவிடலாம். அது பார்ப்பதை அவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் கை நீட்டினால் அதுவும் நீட்டும், திரையில் அவர்கள் முகம் தெரியும். விழாமல் நடப்பது போன்ற சில்லறை வேலைகளை உடலே கவனித்துக்கொள்ளும். வெளியே ஒட்டியிருந்த தகட்டில் என்னவோ 'விருந்தினர் உடல்' என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே யார் வந்தாலும் யாரோ ஒருவருடைய வீட்டுப் பெரியவராக இருந்தார்கள். எதைக் காட்டினாலும் ஒரு குறை சொன்னார்கள். மரியாதையாகவும் கொஞ்சம் பயத்தோடும்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் நிலையத்துத் தமிழர்கள் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் அர்த்தம் தெரியாமலே அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

தமயந்தி நிலவுக்கு வந்து ஓர் ஆண்டு ஆகப்போகிறது. எதிரே சம்பந்தி வந்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வேறு வழியாகப் போய்விடுவாள். இப்போது அந்த உடலுக்குள் அவளுடைய அப்பாவே வரப்போகிறார். அதுவும் அவளே அழைத்து.

வேறு வழி இல்லை. நிலவு மண்ணை உருக்கிச் செங்கல் போடும் சூளையில் அவளுக்கு வேலை. அந்த வேலை அவளுக்கு உயிர். முதல் ஓராண்டுக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. அடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு மட்டும் நிர்வாகம் ஒரு விதி வைத்திருந்தது. அத்தனை காலம் இங்கே இருந்தால் எலும்பு கொஞ்சம் மெலியும். நாளைக்கு வீட்டார் வந்து எங்களுக்குத் தெரியாது என்று சண்டைக்கு நிற்கக் கூடாது. ஆகவே நெருங்கிய உறவினர் ஒருவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன்பு வீட்டு ஆளிடம் கையெழுத்து வாங்குவார்களே, அந்த மாதிரி. கையெழுத்து விழாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அம்மா ருக்மணி ஒரு தடவை கவசத்தை மாட்டிப் பார்த்தாள். தலை கிறுகிறுத்து, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. எனக்கு இந்தச் சங்காத்தமே வேண்டாம், நீயாச்சு உங்கப்பனாச்சு என்று கழற்றி வைத்துவிட்டாள். மீதி இருந்தது சென்னியப்பன்தான்.

சென்னியப்பன் பெருந்துறையில் நெடுங்காலம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் என்ன செய்தாலும் பக்கத்தில் இருப்பவர் மிதித்தால் வண்டி நின்றுவிடும். அந்தப் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலேயே அவர் தன் ஒரே மகளையும் வளர்த்தார். அவள் சைக்கிள் ஓட்டியபோது பின்னால் ஓடினார். பேருந்து வீட்டு வாசலில் நிற்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்தார். கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்தபோது, விடுதி எதற்கு என்று தினமும் மாலையில் போய்க் கூட்டிவந்தார். எந்தத் தோழி, எந்தச் சினிமா, எந்த நிறத்தில் சுடிதார் என்பதெல்லாம் அவரைக் கேட்டுத்தான். அடித்தது கிடையாது, அதட்டியதும் குறைவு. உன் நல்லதுக்குத்தானே கண்ணு சொல்றேன் என்பார், அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும்.

கார்கள் தாமே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு பள்ளியை மூட வேண்டி வந்தது. அன்றிலிருந்து அவருடைய முழுக் கவனத்துக்கும் தமயந்தி ஒருத்திதான் மிச்சம். சென்னையில் வேலை கிடைத்தால் அவரும் சென்னைக்குக் குடிவந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். டெல்லி என்றால் டெல்லிக்கு. நிலவுக்கு மட்டும் வர முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் விண்ணப்பித்தாள். அந்தக் கணக்கில் சம்பந்தியைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

முதல் ஞாயிறு காலை, வரவேற்பறை மூலையில் சாய்ந்திருந்த சம்பந்தி நிமிர்ந்தார். திரையில் சென்னியப்பனின் மீசையும் நெற்றித் திருநீறும் தெரிந்தன. தமயந்தி வணக்கம் சொல்வதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அசடு வழிந்து நின்றாள். பூமிக்கும் நிலவுக்கும் இடையே பேச்சு போய்த் திரும்ப மூன்று நொடி பிடிக்கும். அந்த மூன்று நொடியும் அப்பாவின் கண்கள் அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தன.

"எளைச்சுப் போயிட்டயே கண்ணு," என்றார்.

வரவேற்பறையில் இருந்த தாவூத், வந்தவருக்கு விதிகளை விளக்கினார். எப்போதோ ஒருவருடைய மாமா இந்த உடலில் வந்து, காற்று தயாரிக்கும் கூடத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தவர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துப் பெரிய ரகளை ஆகிவிட்டதாம். அதிலிருந்து விருந்தினருக்கு எந்தக் கதவும் தானாகத் திறக்காது. கதவின் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், அழைத்தவரின் மணிக்கட்டுப் பட்டையில் 'விடலாமா?' என்று கேள்வி வரும். அவர் ஆம் என்றால் திறக்கும், இல்லை என்றால் இல்லை. நிலையத்து ஆள் யாராவது பொறுப்பேற்றுக் கூட்டிப்போனாலும் போகலாம்.

சென்னியப்பனின் பதிலுக்கு நேரம் பிடித்தது. இந்த முறை அதற்குத் தூரம் காரணமல்ல.

"அப்ப நான் எங்க போறதா இருந்தாலும் எம்பொண்ணுகிட்டக் கேட்டுட்டுத்தான் போகோணுமா?"

கேட்க வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்று தமயந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று முழுக்க அந்தக் கைகள் ஒரு பொத்தானையும் தொடவில்லை. ஒவ்வொரு கதவு வந்தபோதும் நின்று, அதன் விளிம்பைத் தட்டிப் பார்த்து, ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றார். அவள் தானாகவே பட்டையைத் தட்டித் திறந்தாள்.

அவளுடைய அறைக்குள் வந்ததும் பழைய சென்னியப்பன் விழித்துக்கொண்டார். அலமாரியை அந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார். விளக்கு கண்ணைக் கெடுக்கும் என்றார். பிறகு கட்டிலைப் பார்த்தார். தலைமாடு எந்தத் திசை என்று கேட்டார். வடக்கு என்று அவள் சொன்னதும் பதறிப்போனார். வடக்கே தலைவைத்துப் படுக்கலாமா, இதைக்கூடவா நான் வந்து சொல்ல வேண்டும், உடனே மாற்றிப் போடு என்றார். நிலையம் தென்முனையின் உச்சியிலேயே இருக்கிறது, இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான் என்று தமயந்தி விளக்கினாள். அவர் அறையின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இங்க மனுசன் படுக்கவே கூடாதுங்கறயா?"

இது ஒன்றே போதும், கையெழுத்து விழாது என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் சூளையைக் காட்டினால் மனம் மாறுவார் என்று கூட்டிப்போனாள். சூளை வாசலில் அவளே பொத்தானை அழுத்த, பட்டை 'விடலாமா?' என்று கேட்டது. உள்ளே அவளுடைய மேலாளர் இருந்தார். அவரிடம் அப்பா என்னவெல்லாம் விசாரிப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். இரவு வேலை உண்டா, கூட எத்தனை ஆண்கள், அதில் கல்யாணம் ஆனவர்கள் எத்தனை பேர். அவளுடைய கட்டைவிரல் அவளைக் கேட்காமலேயே 'இல்லை' என்பதில் போய் விழுந்தது.

விருந்தாளிகளைச் சூளைக்குள் விட மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னாள். சுத்தப் பொய். சம்பந்தி வாசலிலேயே நின்றுவிட்டார். இருபத்தாறு வயதில் அப்பாவுக்கு அவள் சொன்ன முதல் 'இல்லை' அது. வாயால்கூடச் சொல்லவில்லை, விரலால்தான். இருந்தாலும் அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ருசி கண்ட பிறகு கேட்க வேண்டுமா? இரண்டாம் ஞாயிறுக்கு அவள் ஒரு திட்டமே போட்டு வைத்திருந்தாள். முதலில் இங்கே, பிறகு அங்கே, பிறகு அறைக்குத் திரும்பி ஓய்வு. சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்கட்டுமா என்று சென்னியப்பன் கேட்டார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றாள். குகை ஒன்று இருக்கிறதாமே என்றார். அங்கெல்லாம் வேண்டாம், மேடு பள்ளமாக இருக்கும் என்றாள். வழியில் ஒருவரோடு அவர் பேச்சுக் கொடுத்தபோது, நடுவில் புகுந்து, யாரென்று தெரியாதவர்களிடம் எதற்குப் பேசுகிறீர்கள் என்று நகர்த்திக்கொண்டு போனாள். எல்லாம் மிக மரியாதையாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்கப்பா' போட்டுத்தான்.

மத்தியானம் சூளையிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அறையில் செங்கல் செய்முறைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, அதன் முன் அப்பாவை உட்கார வைத்துவிட்டு ஓடினாள். போன வேலை இழுத்துக்கொண்டது. ஒருவழியாக முடித்துத் திரும்பியபோது சம்பந்தி அறைக் கதவுக்கு உள்பக்கம், முகத்திரை கதவில் இடிக்கும்படி நின்றுகொண்டிருந்தார்.

படம் எப்போதோ முடிந்துவிட்டது. வெளியே போகப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் மகளிடம் அனுமதி கேட்டதாக ஆகிவிடும். அதற்கு மனம் ஒப்பாமல் மனிதர் அத்தனை நேரமும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ஏனுங்கப்பா இங்க நிக்கறீங்க?"

"கதவு கீல் எப்பிடி வெச்சிருக்கறாங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

தமயந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தியிருந்தால் நானே திறந்து விட்டிருப்பேனே என்றாள். ஆனால் தனியாக எங்கும் போக வேண்டாம், புது இடம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றும் சேர்த்துச் சொன்னாள். பிறகு, "உங்க நல்லதுக்குத்தானுங்கப்பா சொல்றேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மூன்று நொடி கழித்து, அவர் காதிலும் விழுந்துவிட்டது தெரிந்தது. திரையில் இருந்த முகம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. சரி கண்ணு, போயிட்டு வர்றேன் என்று அன்று அவர் சீக்கிரமே கவசத்தைக் கழற்றிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

மூன்றாம் ஞாயிறும் சூளையில் அவளுக்கு வேலை இருந்தது. அப்பாவை அறையில் விட்டுவிட்டுப் போனாள். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தால் அறை காலி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளியலறையில் இல்லை, நடைபாதையில் இல்லை. பட்டையில் ஒரு கேள்வியும் வந்திருக்கவில்லை. விருந்தினர் எங்கே என்று தேடியபோது 'பெரிய குகை' என்று காட்டியது. யாரோ அவரைப் பொறுப்பேற்றுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தமயந்தி ஓட ஆரம்பித்தாள். நிலவில் ஓடினால் பாதி நேரம் காற்றில்தான் இருப்போம். அவசரத்துக்கு உதவாத ஊர் அது.

பெரிய குகை என்பது எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான இடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதை அடைத்துக் காற்று நிரப்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பந்து ஆடுவார்கள். வலையை மாடி உயரத்தில் கட்டியிருந்தார்கள். பூமியில் ஆளை ஆறு பங்கு கனமாக இழுக்கிற இழுப்பு இங்கே இல்லாததால் எல்லோரும் அநாயாசமாக அந்த உயரத்துக்கு எம்பினார்கள். தட்டிவிட்ட பந்து மேலே போய், யோசித்து, மெதுவாக இறங்கி வந்தது.

ஆடுகிறவர்களின் நடுவே சம்பந்தியும் எம்பிக்கொண்டிருந்தார்.

எம்பிக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு பந்தையும் தொடவில்லை. பந்து வருவதை அவர் பெருந்துறையில் பார்த்து, கையை உதறி, அந்த உதறல் இங்கே வந்து சேர்வதற்குள் பந்து தரையில் உருண்டுவிடும். அதற்குப் பிறகு சம்பந்தி பிரமாதமாக எகிறி, வெறும் காற்றை ஓங்கி அடித்துவிட்டு இறங்குவார். அணித் தலைவி பிலோமினா தூத்துக்குடிக்காரி, தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருப்பவள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைச் சகட்டுமேனிக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பந்து போயி நாளாச்சு. இப்ப யாருக்காகக் குதிக்கீய? வாரதுக்கு முன்னாடியே போயி நில்லுங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்?"

சென்னியப்பன் சிரித்தார். மீசை துடிக்க, கண்ணில் நீர் வர, வாய்விட்டுச் சிரித்தார். முட்டிவலியால் வீட்டில் மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டவர் அவர். அவர் இப்படிச் சிரித்துத் தமயந்தி பார்த்ததே இல்லை. பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் வந்த வேகமும் பயமும் இன்னும் இறங்கவில்லை. நேராக ஆட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?"

குகை என்பதால் அது எதிரொலித்தது. எல்லோரும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மேலிருந்து இறங்கி வந்த பந்தைக்கூட யாரும் பிடிக்கவில்லை. சம்பந்தி கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார். கல்லூரியில் படித்த காலத்தில் ஈரோட்டில் தோழிகளோடு சினிமா பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் காரோடு நின்ற அப்பாவின் முன் அவளும் அப்படித்தான் நின்றாள்.

மூன்று நொடி கழித்துத் தலையை நிமிர்த்தினார்.

"கேட்டா நீ விட்டிருப்பயா கண்ணு?"

ஈரோட்டு வாசலில் அவள் கேட்க நினைத்து, கேட்காமல், இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்த கேள்வி அது. அதை அவர் கேட்டுவிட்டார். தமயந்திக்கு முகம் வெந்தது. பிலோமினா சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் அப்பால் தள்ளிக்கொண்டு போனாள். போகிற போக்கில், அறைக்குள் நின்றபடி அண்ணாச்சிதான் கதவைத் தட்டிக் கூப்பிட்டார், பாவமாக இருந்தது, கூட்டி வந்தேன், திட்டுவதென்றால் என்னைத் திட்டு என்று தமயந்தியிடம் சொன்னாள்.

போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறார், மகளைக் கூப்பிடவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்றது. இருவரும் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

"போன ரெண்டு வாரமா ஒண்ணு கவனிச்சேன் கண்ணு. நீ படியெறங்கறே, நான் பாத்துங்கறேன். அது உங்கிட்ட வர்றதுக்குள்ள நீ எறங்கி அந்தப் பக்கம் போயிர்றே. விழுகவும் இல்லை. சூடான தட்டத் தொடாதேங்கறேன். அதுக்குள்ள நீ துணியப் புடிச்சு எறக்கி வெச்சுட்டே. ஒரு தடவையும் எம்பேச்சு நேரத்துக்கு வந்து சேருலே. உனக்கு ஒண்ணும் ஆகுலே."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களேப்பா."

"சொன்னா நீ இங்கயே இருந்துக்குவே."

அதைச் சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்த்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது, அவர்மீது கொள்ளை ஆசையும் வந்தது. மூன்றில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பட்டையில் 'எல்லாக் கதவும்' என்று ஓர் அனுமதி உண்டு. கொடுத்துவிட்டால் விருந்தினர் யாரையும் கேட்காமல் நிலையம் முழுக்கச் சுற்றலாம். பெற்றவர்களுக்கு அதைக் கொடுத்த பைத்தியக்காரர்கள் இதுவரை யாரும் இல்லை. நான் கதவைத் திறந்துவிடுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று பேரம் பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவளுக்கு அந்த யோசனை வராமலும் இல்லை. ஆனால் அப்பாவிடம் பேரம் பேசி வாங்கிய எதுவும் அவளுக்கு இதுவரை இனித்ததில்லை. பேசாமல் அனுமதியைத் தட்டினாள்.

"இனிமேல் எந்தக் கதவுலயும் நிக்க வேண்டாமுங்கப்பா. எங்கிட்டக் கேக்கவும் வேண்டாம்."

"சூளைக்குள்ளயுமா?"

"சூளைக்குள்ளயுந்தான். அன்னைக்கு உங்களை விட்டிருக்கலாம். நாந்தான் விடலைங்க."

தெரியும் கண்ணு என்றார் அவர். சூளையில் வேலை செய்யும் ஒருவரின் அம்மா போன மாதம் இதே உடலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததைத் தாவூத் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டாராம். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கையெழுத்தைப் பற்றியும் பேசவில்லை.

நான்காம் ஞாயிறு தமயந்தி விடியலிலேயே எழுந்து அறையைப் பெருக்கித் துடைத்தாள். இயந்திர உடல் குடிக்காது என்று தெரிந்தும் காப்பி போட்டு வைத்தாள். வீட்டுக்கு வருகிறவருக்கு ஒரு வாய் காப்பிகூட வைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. இன்றைக்கு மாலைக்குள் கையெழுத்து விழ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ராக்கெட்டில் அவளுக்கு இடம் ஒதுக்கிவிடுவார்கள். கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். காப்பி ஆறி, மேலே ஆடை கட்டியது. அப்பா வரவில்லை.

பொறுக்க முடியாமல் பெருந்துறைக்கு அழைத்தாள். அம்மாதான் எடுத்தாள். அவர் பொழுது விடிந்ததுமே அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், கையைக் காலை உதறிக்கொண்டே இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்கவில்லை, அங்கே என்னதான் பண்ணுகிறீர்கள் இரண்டு பேரும் என்று திருப்பிக் கேட்டாள்.

ஆக, அப்பா நிலவில்தான் இருக்கிறார். அவளைப் பார்க்கத்தான் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வதற்குச் சங்கடப்பட்டிருப்பார். கையெழுத்துப் போடாமலேயே போய்விடுவார். தமயந்தி கனத்த மனத்தோடு வரவேற்பறைக்குப் போனாள். தாவூத் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"ஒங்க அப்பா காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுட்டாரே. ஒங்ககிட்டச் சொல்லலையா?"

அவளுக்கு முதலில் அர்த்தம் புரியவில்லை. புரிந்ததும் தலைகால் தெரியாமல் ஒரு குதி குதித்தாள். நிலவு என்பதால் கூரையில் போய் முட்டிக்கொண்டு இறங்கினாள். அஞ்சு வருஷம். அவளுடைய சூளை, அவளுடைய அறை, அவள் விரும்பின திசையில் தலைமாடு. இறங்கி நின்ற பிறகு, என்னைப் பார்க்காமல் எங்கே போனார் என்று கேட்டாள்.

தாவூத் கொஞ்சம் தயங்கினார். சென்னியப்பன் இன்னொரு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறாராம். இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சம்பந்திக்குள் வர இடம் வேண்டும் என்று. அழைப்பவர் பெயர் தமயந்தி இல்லை, பிலோமினா.

"ஒங்க பேரைப் போட்டா, வேவு பார்க்க வர்றார்னு நெனச்சுக்குவீங்களாம். அதான் வேண்டாம்னுட்டார்." தாவூத் மறுபடி தயங்கிவிட்டு, "அதோட, ஒங்க தொந்தரவும் இருக்காதாம்," என்றார்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா தன்னை விட்டால் போதும் என்று இருந்தவள் அவள். இப்போது விட்டேவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனாலும் அந்தக் காப்பியை நினைத்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குகையில் ஆட்டம் சூடுபிடித்திருந்தது. சம்பந்தியின் இடுப்பில் அணிக்காரர்கள் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டிருந்தார்கள். பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே யூகித்து அங்கே போய் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார் சென்னியப்பன். அப்படி நின்று கையை நீட்டி வைத்துவிட்டால் நாலுக்கு ஒரு பந்து தானாகவே வந்து மேலே விழுந்தது. விழுந்ததும் அவர் செய்த ஆர்ப்பாட்டம் தாங்க முடியவில்லை.

தமயந்தி கோட்டருகே போய் நின்றாள். திரையில் அவர் முகம் அவளைக் கண்டது, மலர்ந்தது, பிறகு கொஞ்சம் உஷாரானது. நன்றி சொல்வதெல்லாம் அவர்கள் வீட்டில் பழக்கமில்லை. உங்கள் பக்கம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அப்பா என்று மட்டும் கேட்டாள். மூன்று நொடி காத்திருந்தாள்.

"நீ வேண்டாம் கண்ணு. நீ பக்கத்துல இருந்தா என்னை ஆட உடமாட்டே."

சிரித்துவிட்டாள். அப்பா எத்தனையோ முறை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள். மனசு லேசானது இதைக் கேட்டுத்தான். பிலோமினா, எதிர்ப்பக்கம் ஓர் ஆள் குறைகிறது, சும்மா நிற்காதே என்று கையைப் பிடித்து வலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து மெல்ல இறங்கித் தமயந்தியிடம் வந்தது. கைப்பந்து ஆடி அவளுக்குப் பழக்கமில்லை, விரலில் அடிபடும் என்று பள்ளியிலேயே அவளை ஆட விட்டதில்லை. முழு மூச்சாக எம்பி, வலைக்கு மேலே போய், ஓங்கி ஓர் அடி அடித்தாள். பந்து நேராக அப்பாவின் காலடியில் போய் விழுந்தது. அவருடைய அணிக்குப் போக வேண்டிய புள்ளி எதிரணிக்குப் போயிற்று.

அவள் மெதுவாக இறங்கித் தரைக்கு வந்து சேர்ந்தாள். அப்போதுதான் அவர் குரலும் வந்து சேர்ந்தது.

"எம்புள்ள எப்பிடி அடிச்சா பாத்தீங்களா?" என்று அவர் தன் அணிக்காரர்கள் ஒவ்வொருவரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாரும் பாத்தீங்களா?"

பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்?"